விட்டுப் போனவர்களிடம் கேட்டு எழுதிய திட்டம்

துறையின் எதிர்காலம் பற்றி ஓர் அறிக்கை எழுதித் தரும்படி உங்களைக் கேட்டிருக்கிறார்கள் என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னீர்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை, நீங்கள் வந்து இரண்டு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னீர்கள். அறிக்கை எழுதும் முறை எனக்குத் தெரியாது. என் வேலைக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் அப்படி ஒன்றை எழுதினேன். அது எழுபதுகளின் நடுவில். அதை எழுதும்போது என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு எது உதவுமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்று நம் துறை பாலக்காட்டில், கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே உரக்கடை. மழைக்காலத்தில் யூரியா வாடை படியேறி வந்து வகுப்பில் உட்கார்ந்துகொள்ளும். வாசலில் ‘ஸ்லாவிய மொழிகள் துறை’ என்று பெரிய பலகை. பலகைதான் பெரியது. உள்ளே இருந்தவை ஒரு ரஷ்ய டிப்ளமா வகுப்பும் ஒரு போலிஷ் சான்றிதழ் வகுப்பும். ஆசிரியர்கள் மூன்று பேர்.

துறைத்தலைவர் ஒற்றப்பாலத்துக்காரர். வாத்தியாரை மலையாளத்தில் அழைப்பதுபோல எல்லோரும் மாஷ் என்றே கூப்பிடுவோம். பெயரைச் சொல்ல வேண்டாம். உயிரோடு இருந்திருந்தால் அவரே வேண்டாம் என்றுதான் சொல்வார். போலிஷ் நடத்தியவர் ராமசேஷன், கல்பாத்திக்காரர், வார்ஸாவில் நான்கு வருஷம் படித்துவிட்டு வந்தவர், ரஷ்யனும் தெரிந்தவர். அவருடையது தற்காலிக நியமனம். மூன்றாவது ஆள் நான். தமிழ் பேசும் எல்லையோர ஊரான எருத்தேன்பதியில் தென்னையும் நிலக்கடலையும் வைத்த வீட்டிலிருந்து சென்னைக்குப் போய் ரஷ்யன் படித்து, உதவித்தொகையில் மாஸ்கோவும் போய்வந்தவள். என் அப்பாவுக்கு அதில் பெருமைதான். ஆனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பார். “ஏனம்மிணி, அந்தப் பாசைய இங்க ஆருகிட்ட இருந்து பேசுவே?”

நான் சிரித்து மழுப்பிவிடுவேன். பிறகு பல்கலைக்கழகமே அதே கேள்வியை முத்திரை வைத்த கடிதத்தில் கேட்டது. அப்போது மழுப்ப முடியவில்லை.

துறை தொடங்கியதற்குக் காரணம் ஒரு தொழிற்சாலை. ஊருக்கு வெளியே சோவியத் இயந்திரங்களை நிறுவினார்கள். நிபுணர்கள் வந்தார்கள், மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதும் நிபுணர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். வகுப்பில் சேர்பவர்கள் குறைந்தார்கள். சேர்ந்தவர்களிலும் பாதிப் பேர் இடையில் நின்றார்கள். இந்தத் துறையை வைத்திருப்பதா, தலைமை வளாகத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதா, மூடிவிடுவதா என்று முடிவுசெய்ய ஒரு குழு வரும், அதற்குள் உங்கள் திட்டத்தைத் தயார் செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

மாஷ் கலங்கவில்லை. அவருக்கு இது ஒரு வாய்ப்பாகத் தெரிந்தது. ரஷ்யன், போலிஷ், செக், பல்கேரியன், செர்போ-குரோஷியன் என்று ஐந்து மொழிகள், ஐந்து ஆசிரியர்கள், ஒரு நூலகம், முதுகலை வகுப்பு என்று ஒரு பெரிய வரைவு எழுதினார். பெரிதாகக் கேட்டால்தான் கொஞ்சமாவது தருவார்கள் என்பது அவர் கணக்கு. அதில் ‘தேவை’ என்ற பகுதியை என்னிடம் ஒப்படைத்தார். மலைப்பகுதியில் தேயிலை இருக்கிறது, ஏலக்காய் இருக்கிறது, இரண்டும் சோவியத் நாட்டுக்குப் போகின்றன. போய் நாலு பேரைப் பார்த்து ‘எங்களுக்கு இந்த மொழிகள் தெரிந்தவர்கள் தேவை’ என்று கடிதம் வாங்கி வா என்றார்.

கேரளத்தில் ஓர் ஊரிலிருந்து கேரளத்தில் இன்னோர் ஊருக்குப் போகத் தமிழ்நாட்டைச் சுற்ற வேண்டியிருக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களான உங்களுக்குத் தெரியும். பொள்ளாச்சி, திண்டுக்கல், தேனி, கம்பம் என்று பஸ் மாறி மாறிக் குமுளி போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு ஏலக்காய் வியாபாரியைப் பார்த்தேன். மரியாதையாக உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

“ஏலக்கா இங்கருந்து கொச்சிக்குப் போகும்மா. அதுக்கப்புறம் எந்த ஊர்க்காரன் பாயசத்துல விழுந்தா எனக்கென்ன? நான் கொச்சிக்காரன்கிட்டதான பேசுறேன்.”

“அப்ப உங்களுக்குத் தேவையில்லைங்களா?”

“எனக்குத் தேவையில்ல. ஆனா உங்களுக்கு லெட்டர் தேவையில்ல? அதத் தந்திருவோம்.” கடைப் பெயர் அச்சடித்த வெள்ளைத் தாளை எடுத்து அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். “என்ன எழுதணுமோ நீங்களே எழுதிக்கிடுங்க. படிச்சவங்க, நல்லா எழுதுவீங்க.”

அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. நல்ல மனசோடுதான் கொடுத்தார். அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு மலையிறங்கும் பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இப்படியே இன்னும் பத்துத் தாள் வாங்கிவிடலாம். யாரும் மறுக்கமாட்டார்கள். ஐந்து மொழி என்ன, பதினைந்து மொழிக்கும் ‘தேவை’ எழுதிவிடலாம். குழுவும் நம்பக்கூடும். அடுத்த ஜூனில் வகுப்பறை காலியாகவே இருக்கும்.

அடுத்து போடிமெட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து மேனேஜரைப் பார்த்து இதேபோல் ஒரு கடிதம் வாங்க வேண்டும். போடியிலிருந்து மேலே ஏறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு யோசித்துக்கொண்டே போனேன். அப்போதுதான் பேச்சியம்மாள் ஞாபகம் வந்தது. அந்தத் தோட்டத்துப் பெண். பாலக்காட்டில் சித்தி வீட்டில் தங்கி பி.ஏ. முடித்து, நம் ரஷ்ய வகுப்பில் சேர்ந்து, சில மாதங்களில் சொல்லாமல் நின்றுவிட்டவள். நம்மிடம் வர வேண்டியவர்கள் யார் என்று தேடித்தேடிக் கேட்கிறோமே, வந்துவிட்டுப் போனவர்களிடம் ஏன் போனீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லையே என்று தோன்றியது. மேனேஜர் பங்களாவுக்குப் போகாமல் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டேன். அங்கேதான் அவள் வாத்தியாராக இருக்கிறாள் என்றார்கள்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“டீச்சரா! லைப்ரரிப் புத்தகத்த அப்பவே திருப்பிக் குடுத்துட்டேனே?”

“புத்தகத்துக்கு ஆருங் கண்ணு இவ்வளவு தூரம் வருவாங்க? உன்னைப் பாக்கத்தான் வந்தேன். ஏன் படிப்பை உட்டுட்டே?”

“கல்யாணம்னு எழுதிக்கிடுங்க டீச்சர்.”

“கல்யாணம் ஆயிருச்சா?”

“இல்ல. ஆனா பொம்பளப் பிள்ள நின்னா எல்லாரும் அதத்தான எழுதுவாவ?”

இருவரும் சிரித்தோம். அதன் பிறகுதான் அவள் பேசத் தொடங்கினாள். வெளியே மூடுபனி இறங்கி எதிரில் இருந்த தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. அவளுடைய அப்பா தொழிற்சங்கக்காரர். மலிவு விலைக்கு விற்ற ரஷ்யக் கதைப் புத்தகங்களைத் தமிழில் வாங்கிக் கொடுப்பார். அவற்றை மூலத்தில் படிக்க வேண்டும் என்றுதான் வந்து சேர்ந்திருக்கிறாள். வேலைக்காக இல்லை. மொழிபெயர்ப்பாளர் தேவையா, தேவையில்லையா என்று நாங்கள் போட்ட கணக்கு எதிலும் அவள் இல்லை.

“கோவிச்சுக்கிடக் கூடாது டீச்சர். சொல்லுதேன். எனக்கு ரஷ்யன் கஷ்டமா இல்ல. நீங்க அதுக்கு இங்கிலீஷ்ல விளக்கம் சொல்லுவியல்லா, அதுதான் கஷ்டம். பள்ளிக்கூடத்துல படிச்சது மலையாளம், வீட்ல பேசுறது தமிழ். இங்கிலீஷ ரெண்டு தடவ மாத்தி மனசுக்குள்ள கொண்டாரதுக்குள்ள நீங்க அடுத்த பாடத்துக்குப் போயிருவிய.”

பிறகு ஒரு நாள் நடந்ததைச் சொன்னாள். மாஷ் கரும்பலகையில், கத்தியால் ரொட்டியை வெட்டினேன் என்பதை ஆங்கிலத்தில் எழுதி, ரஷ்ய மொழியில் மாற்றச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலத்தில் ‘வித்’ என்று இருக்கிறதே என்று அவள் அதற்குரிய ரஷ்யச் சொல்லைத் தேடிப் போட்டிருக்கிறாள். மாஷ் விழுந்து விழுந்து சிரித்து, “கத்தியையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டா வெட்டினாய்?” என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது.

“வெளிய வந்து வராந்தாவுல நிக்கேன். ராமசேஷன் சார் அந்தப் பக்கமா வந்தாரு. என்னன்னு கேட்டாரு, சொன்னேன். அவரு தமிழ்லயே கேட்டாரு டீச்சர். ‘கத்தியால வெட்டினியா, கத்தியோட வெட்டினியா?’ன்னு. கத்தியாலதான்னேன். ‘அவ்ளோதான். ரஷ்யாக்காரனுக்கும் அது ரெண்டும் வேற வேற. இங்கிலீஷ்காரனுக்குத்தான் ரெண்டும் ஒண்ணு’ன்னுட்டுப் போயிட்டாரு. எனக்கு அழுகையே வந்துட்டு. நமக்குப் பொறந்ததுலருந்து தெரிஞ்ச விசயத்த இத்தன நாளா தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கமேன்னு.”

“அப்புறம் ஏன் கண்ணு வரலை?”

“மறுநாளும் வகுப்பு இங்கிலீஷ்லதான டீச்சர் நடந்துச்சு?”

அன்றிரவு அவள் வீட்டிலேயே தங்கச் சொன்னார்கள், தங்கினேன். மேனேஜரைப் பார்க்கவே இல்லை. காலையில் கீழே இறங்கும் பஸ்ஸில் குமுளிக்காரர் கொடுத்த வெள்ளைத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஊருக்கு வந்ததும் கந்தசாமியைத் தேடிப் போனேன். அவர் எங்கள் எருத்தேன்பதிக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர். தொழிற்சாலையில் வேலை கிடைக்கும் என்று நம்பி வகுப்பில் சேர்ந்து விட்டுப் போனவர். தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

“ஏனுங் டீச்சர், ரசியன் ஒண்ணும் மோசமில்லீங்க. ‘நான் விவசாயி’ன்னு நாம சொல்றதில்லீங்களா, அவனும் அப்படியேதானுங்க சொல்றான். நடுவால ஒண்ணும் போடறதில்லை. இந்த இங்கிலீசுதானுங்க ‘ஐ’க்கு அப்பறம் ‘ஆம்’ங்குது, ‘எ’ங்குது. அதையெல்லாம் மொதல்ல படிச்சு, அப்பறம் அதை மறக்கோணும். எனக்கெதுக்குங்க அந்த வேலை?”

தேடிப் பிடிக்க முடிந்தவர்களை எல்லாம் பிடித்துக் கேட்டேன். வீட்டில் நோய், தூரம், வேலை என்று வேறு காரணங்கள் சொன்னவர்களும் உண்டு. எல்லோரும் பேச்சியம்மாளைப் போலச் சொன்னார்கள் என்று சொன்னால் அது பொய். ஆனால் அவள் சொன்னதையே பலர் வாயிலிருந்து கேட்டேன். அத்தோடு இன்னொன்றையும் கேட்டேன்: ராமசேஷன் சார் வராந்தாவில் தமிழில் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது என்று.

இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், எழுத உட்கார்ந்தபோது எனக்கு என்ன சிக்கல் வந்தது என்று. ஐந்து மொழி வேண்டாம், ஒரு மொழி போதும். அதைத் தமிழிலும் மலையாளத்திலும் நேராகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு மொழி ரஷ்யனாகத்தான் இருக்க முடியும். போலிஷ் வகுப்பில் அந்த வருஷம் இரண்டே பேர். அதில் ஒருவர் மாஷின் மருமகன். ஆக, என் திட்டப்படி போலிஷை நிறுத்த வேண்டும். ஆனால் என் திட்டத்தை நடத்திக்காட்டக் கூடிய ஒரே ஆள் போலிஷ் வாத்தியார்தான். அவருடைய மொழியை எடுத்துவிட்டு அவரை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

மாஷிடம் காட்டுவதற்கு முன்னால் அதை ராமசேஷனிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. எந்த முறைப்படியும் அது சரியில்லை; தலைவர் பார்க்காத வரைவைத் தற்காலிக ஆசிரியரிடம் கொண்டுபோகக் கூடாது. ஆனால் குழுவின் உத்தரவு வந்துதான் அவர் தெரிந்துகொள்வார் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்பாத்திக்குப் போனேன்.

“வாங்கோ வாங்கோ, காப்பி சாப்பிடலாம்” என்று கூப்பிட்டவர், என் கையிலிருந்த தாள்களைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, “ஆத்தங்கரைக்குப் போலாமே” என்றார். வீட்டில் அவருடைய மனைவியும் மாமனாரும் இருந்தார்கள். வேலை விஷயம் அவர்கள் காதில் விழ வேண்டாம் என்று நினைத்திருப்பார். படிக்கட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். வேட்டி துவைப்பவர்களின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

“‘போலிஷ் வகுப்பு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படும்.’ இது யார் எழுதினது?”

“நான்தானுங்க சார்.”

“திரும்ப ஆரம்பிக்கற உத்தேசம் இருக்கோ?”

நான் அவர் விரல் இருந்த இடத்தையே பார்த்தேன்.

“இல்லையோன்னோ? அப்போ அந்த ‘தற்காலிக’த்தை எடுத்துடுங்கோ. என் மனசு நோகக்கூடாதுன்னு போட்டிருக்கேள், தெரியறது. ஆனா அதைப் படிச்சுண்டு நான் வருஷா வருஷம் ஜூன் மாசம் வாசலைப் பாத்துண்டு உக்காந்திருப்பேன். நிறுத்தறேள்னா நிறுத்தறோம்னு எழுதுங்கோ.”

பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அவரே அடித்தார். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “வார்ஸாவுல யார்கிட்டயாவது ரஷ்யன்ல பேசினா, புரிஞ்சாலும் புரியாத மாதிரி நிப்பா, ரஷ்யாக்காரா மேல அவ்வளவு கோபம். நானும் நாலு வருஷம் அவாளோட சேர்ந்து புரியாத மாதிரியே நின்னேன். அந்தப் பாஷையை நான் சொல்லித்தரணும்ங்கறேள்.”

“உங்களாலதான் முடியுமுங்க சார். எங்க ரெண்டு பேருக்கும் அது வரலை.”

“முடியுமான்னு நான் கேக்கலை. அதை எடுத்துட்டு என்னை வெச்சுண்டா, யாரை வெச்சுண்டேள்னு யோசிச்சேளா?”

வருவதைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றார். தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, “திட்டம் நன்னாத்தான் இருக்கு, ஆக்கும்” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

மாஷ் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “என்றெ அஞ்சு பாஷ எவிடே, குட்டீ?” என்பதுதான். ஐந்து மொழிகளும் எங்கே போயின என்று கேட்டதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். கத்தி விஷயத்தை எழுதியிருந்த பக்கத்தை அவர் இரண்டு முறை படித்தார். பேச்சியம்மாளின் பெயரை நான் போடவில்லை. இருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். இதில் நான் கையெழுத்துப் போடமாட்டேன், ஆனால் குழு வரும்போது நீயும் உட்கார், இரண்டையும் வைப்போம், அவர்கள் தீர்மானிக்கட்டும் என்றார். தனக்கு எதிராகத் தன் உதவியாளர் எழுதியதைத் தானே குழுவின் மேஜைமேல் வைக்கச் சம்மதிக்கும் தலைவர்களை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

குழு மூன்று பேர். தலைவர் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். யூரியா வாடைக்குக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பேசினார். முதலில் மாஷின் ஐந்து மொழித் திட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். எத்தனை மாணவர்கள், என்ன ஆதாரம் என்றார்கள். மாஷ் சுற்றி வளைத்துப் பேசினார். பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.

“உங்கள் திட்டத்தில் எத்தனை பேர் சேருவார்கள்?”

“அது எனக்குத் தெரியாது” என்றேன். “விட்டுப் போனவர்களில் யார் யார் திரும்பி வருகிறேன் என்று சொன்னார்கள் என்பது தெரியும்.” பெயர்களைச் சொன்னேன். நீளமான பட்டியல் இல்லை.

“இந்த முறையில் பாடம் நடத்த ஒரே ஒரு ஆசிரியர்தான் இருக்கிறார் என்கிறீர்கள். அவர் சம்மதித்துவிட்டாரா?”

“இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் சொல்லவில்லை.”

தலைவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் ஒரு சின்னப் பொய் சொல்லியிருந்தால் காரியம் எளிதாக முடிந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் ஆற்றங்கரையில் அவர் அடித்த அந்தச் சொல் என் கண் முன்னாலேயே இருந்தது.

அதுவரை பேசாமல் இருந்த உறுப்பினர் ஒருவர் அப்போது குரலை உயர்த்தினார். கேரளத்துப் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழியைத் தமிழில் கற்பிப்பதா, நாளைக்குச் சட்டசபையில் கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது என்றார். மலையாளத்திலும்தான் எழுதியிருக்கிறேன் என்று நான் சொன்னது எடுபடவில்லை. நான் எருத்தேன்பதிக்காரி என்பது அவருக்குத் தெரியும். என் ஊரையும் என் பேச்சையும் வைத்து ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். திட்டம் அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

மாஷ் எழுந்தார். அந்த உறுப்பினரிடம் மலையாளத்தில் கேட்டார்: “சாரே, நீங்கள் மாம்பழத்தைக் ‘கத்திகொண்டு’ வெட்டுவீர்களா, ‘கத்தியோடே’ வெட்டுவீர்களா?”

“கத்திகொண்டுதான். அதிலென்ன?”

“அதில்தான் எல்லாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ரஷ்யனில் நம்மைப் போலவே இரண்டு. இது தெரியவில்லை என்று ஒரு பெண்ணைப் பார்த்து இதே அறையில் நின்று நான் சிரித்தேன். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. நான் கேட்டது தவறான மொழியில்.” மேஜைமேல் இருந்த தன் ஐந்து மொழி வரைவை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “துறையின் திட்டம் இவள் வைத்திருப்பதுதான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.”

இரண்டு வருஷத்துக்குச் சோதனையாக நடத்தலாம் என்று அனுமதி வந்தது. போலிஷ் நிறுத்தப்பட்டது. ராமசேஷனுக்கு ரஷ்ய ஆசிரியராக நியமனக் கடிதம் போனது. அவர் பதில் எழுதவில்லை.

பின்னால் என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோதனை என்று தொடங்கியது நிலைத்தது. அதனால்தான் இன்று நீங்கள் அந்தத் துறையில் இருக்கிறீர்கள். மாஷின் ஐந்து மொழிகள் வரவே இல்லை. ஓய்வுபெறும் நாள்வரை செக் மொழி அகராதி ஒன்று அவர் மேஜைமேல் இருந்தது. பேச்சியம்மாள் பிற்பாடு இங்கேயே பாடம் நடத்தினாள். உங்களில் மூத்தவர்கள் அவளிடம் படித்தவர்கள். ராமசேஷன் சில வருஷங்களுக்குப் பிறகு வடக்கே போலிஷ் இருந்த ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவரை நிறுத்திவைக்க எங்களுக்கு உரிமையும் இல்லை, எங்களிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. துறையைக் காப்பாற்றிய திட்டம் என்று யாராவது அதைப் புகழ்ந்தால் எனக்கு இன்றும் முழுசாக ஒப்புக்கொள்ள முடிவதில்லை. ஒருவருடைய மொழியை எடுத்துத்தான் இன்னொன்றைக் காப்பாற்றினோம். அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சரியான முடிவு என்பதால் வலிக்காமல் போய்விடுவதில்லை.

நீங்கள் எழுதப்போகும் அறிக்கையிலும் ஏதாவது ஒரு வரி யாராவது ஒருவரின் வேலையாகவோ ஆசையாகவோ இருக்கும். அந்த வரியை எழுதாமல் விடாதீர்கள். பூசி மெழுகவும் செய்யாதீர்கள். எழுதியதும் முதலில் அந்த ஆளிடம் நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கள். இதற்கு மேல் அறிவுரையாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த ஜூன் மாதத்து முதல் வகுப்பைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

நல்ல மழை. தமிழ்வழி ரஷ்ய வகுப்பில் ஒரு பெஞ்சும் இன்னொரு பெஞ்சில் பாதியும் நிறைந்திருந்தன. பேச்சியம்மாள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சித்தி வீட்டுக்கு வந்திருந்தாள். கந்தசாமி நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தார். ராமசேஷன் வருவாரா மாட்டாரா என்று தெரியாததால் நானே பாடம் நடத்தத் தயாராக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அது சரியாக வராது என்றும் தெரியும். படியில் குடையை உதறும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சாக்பீஸுக்குக் கையை நீட்டினார். கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

“எல்லாரும் எங்கேர்ந்து வரேள்?” என்று கேட்டார்.

ஊர்ப் பெயர்களைச் சொன்னார்கள். “ஊர் வேண்டாம். காலம்பற எங்கேர்ந்து கிளம்பினேள்?”

“ஊட்டுலிருந்துங்க” என்றார் கந்தசாமி.

“வீட்லருந்து சார்” என்றாள் பேச்சியம்மாள்.

“நான் ஆத்துலேர்ந்து” என்றார் ராமசேஷன். வகுப்பு சிரித்தது. பக்கத்து அறையில், தானே நடத்திப் பார்க்கிறேன் என்று ஏற்றுக்கொண்ட மலையாளவழி வகுப்புக்குப் போக வேண்டிய மாஷ் வாசலிலேயே நின்றிருந்தார். “வீட்டில்நின்னு” என்று அங்கிருந்தே சொன்னார்.

“பாத்தேளா? வீடு மாறறது, வால் இருக்கற இடம் மாறலை. எங்கேர்ந்துங்கறதைச் சொல்றதுக்குச் சொல்லோட முடிவுல நாம ஒண்ணைச் சேக்கறோம். ரஷ்யாக்காரன் முன்னால ஒண்ணைச் சேர்த்து, முடிவையும் கொஞ்சம் வளைக்கறான்.” கரும்பலகையில் ரஷ்ய எழுத்தில் எழுதி வாசித்துக் காட்டினார். “இஸ் தோமா.”

எல்லோரும் சொன்னார்கள். யாரும் ஆங்கிலத்தில் எதுவும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் வீட்டுக்கு, வீட்டில், வீட்டை என்று கரும்பலகை நிறைந்துவிட்டது. மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது கந்தசாமி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ஏனுங் சார், இதையே போலிஷ்ல எப்படிங்க சொல்லுவாங்க?”

சாக்பீஸ் வைத்திருந்த கை கரும்பலகைக்குப் பக்கத்திலேயே நின்றது. ராமசேஷன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன்.

“அது இந்த வகுப்புல இல்லை” என்றார். “மணி அடிச்சப்பறம், இருக்கறவா இருந்தா சொல்றேன்.”

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.